பத்து மில்லிமீட்டர் துண்டு சொல்வதும் சொல்லாததும்

சேர்வராயன் மலையின் மேல்பரப்பில் பாக்சைட் கிடக்கிறது. மலைக்கும் சேலம் நகருக்கும் நடுவே மேக்னசைட் வெட்டியெடுத்த குழிகள். நகரைத் தாண்டி மேற்கே போனால் கஞ்சமலை. அங்கே இரும்புத் தாது. பற்றவைத்த உருக்கு ஏன் சில நேரம் கண்ணாடிபோல் உடைகிறது என்ற கேள்வியோடு இந்த மூன்று கனிமங்களுக்கும் தொடர்பு உண்டு. பாக்சைட் தரும் அலுமினியம் எவ்வளவு குளிர்ந்தாலும் நொறுங்கும் குணத்துக்கு மாறுவதில்லை. அதன் அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் அப்படி. சாதாரண உருக்கு வேறு. ஒரு வெப்பநிலைக்கு மேலே அது நீண்டு கிழியும். அதற்குக் கீழே நீளாமலே சட்டென்று பிளக்கும். அந்த எல்லையை மேலே தள்ளும் அசுத்தங்களில் முக்கியமானது பாஸ்பரஸ். மேக்னசைட் செங்கல் போன்ற காரத்தன்மையுள்ள உட்சுவர் இருந்தால்தான் உலையிலேயே பாஸ்பரசைப் பிரித்தெடுக்க முடியும். எல்லையைக் கீழே இறக்குவதில் பெரும்பங்கு மாங்கனீசுடையது. வார்ப்பு உருக்கில் மாங்கனீசு சேர்த்து அதைப் பற்றவைக்கத் தக்கதாக்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய அதே ஹீத்தான்.

உருக்கின் இந்தக் குணத்தை அளக்க இரண்டு வகைச் சோதனைகள் உள்ளன. ஒன்று, ஊசல் சம்மட்டியால் ஒரே அடியில் உடைத்துப் பார்க்கும் தாக்கச் சோதனை. மற்றொன்று, கூர்மையான விரிசலை வேண்டுமென்றே வளர்த்து, அது எந்தச் சுமையில் ஓடத் தொடங்குகிறது என்று அளக்கும் முறிவுத் தாங்குதிறன் சோதனை. முதலாவது மலிவானது, எங்கும் கிடைக்கும். இரண்டாவது நேரமும் பணமும் விழுங்கும். அதனால் முதலாவதன் விடையை இரண்டாவதன் விடையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் தொழிற்கூடங்களில் ஊறிப்போயிருக்கிறது. தகட்டைப் பொறுத்தவரை அந்த வழக்கம் பெரும்பாலும் பாதுகாப்பாகவே முடிகிறது. பற்றவைத்த இணைப்பில் அப்படி முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தாக்கச் சோதனை உருக்கைத் தரம்பிரிக்கும். ஒரு குறிப்பிட்ட இணைப்பில் ஒரு குறிப்பிட்ட விரிசல் இருந்தால் அது தாங்குமா என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்ல இயலாது.

ஜார்ஜஸ் சார்பி 1901-இல் வகுத்த முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. இன்று வழக்கில் இருப்பது 10 மில்லிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட துண்டு. நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வி வடிவ வெட்டு. வெட்டின் அடியில் 0.25 மில்லிமீட்டர் ஆரம். விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் சம்மட்டி வந்து அடிக்கும். உடைக்க எத்தனை ஜூல் ஆற்றல் செலவானது என்பதே விடை. இந்தச் சோதனைக்குச் சட்டத்தின் மதிப்பைத் தந்தவை இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பற்றவைத்த கப்பல்கள். 1943 ஜனவரி 16 அன்று 'ஷெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் துறையில் கட்டியிருந்த இடத்திலேயே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. பழியை முதலில் வெல்டர்கள் சுமந்தார்கள். உருக்கே குளிரில் நொறுங்கும் தன்மையது என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் காட்டினார். உடைந்த கப்பல்களிலிருந்து தகடுகளை வெட்டியெடுத்து அமெரிக்கத் தர நிர்ணய ஆய்வகம் சோதித்தபோது, விரிசல் தொடங்கிய தகடுகளுக்கும் விரிசலை நிறுத்திய தகடுகளுக்கும் சார்பி எண்ணில் வேறுபாடு தெரிந்தது. 15 அடி-பவுண்டு, அதாவது சுமார் 20 ஜூல், என்ற கோடு அங்கே பிறந்தது. இன்று நம் ஐ.எஸ். 2062 தரத்தில் நிற்கும் 27 ஜூலும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். பி.ஆர். வகைக்கு அறை வெப்பநிலையில் 27 ஜூல், பி.ஜீரோ வகைக்கு 0 டிகிரியில், சி வகைக்கு மைனஸ் 20 டிகிரியில். ஏ வகைக்குத் தாக்கச் சோதனையே கிடையாது. ஆக 27 என்பது இயற்கை வகுத்த எண் அல்ல. ஒரு காலத்துக் கப்பல் தகடுகளின் தடிமனிலும் அவற்றின் பற்றவைப்பிலும் பட்ட அனுபவம் அந்த எண்ணுக்குள் உறைந்திருக்கிறது. தடிமனும் உருக்கும் பற்றவைக்கும் முறையும் மாறும்போது அந்த அனுபவம் எவ்வளவு தூரம் கூட வரும் என்று கேட்டாக வேண்டும்.

முறிவு இயக்கவியல் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. பொருளில் விரிசல் இருக்கிறது என்று அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. 1920-இல் கிரிஃபித் கண்ணாடியை வைத்து எழுப்பிய சிந்தனையை 1950-களில் இர்வின் உலோகத்துக்கு ஏற்ற 'கே' என்ற அளவாக்கினார். கே என்பது விரிசல் நுனியில் தகைவு எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதன் அளவு. கட்டுமான உருக்குக்கு அது அப்படியே பொருந்தவில்லை. காரணத்தைக் கணக்கே சொல்லும். 350 மெகாபாஸ்கல் இளகு வலிமையும் 150 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் தாங்குதிறனும் உள்ள உருக்கில் கே அளவை விதிப்படி எடுக்க வேண்டுமானால் சோதனைத் துண்டு சுமார் 46 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். அந்தத் தடிமனில் யாரும் பாலம் கட்டுவதில்லை. 1961-இல் இங்கிலாந்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆலன் வெல்ஸ், விரிசல் நுனி உடைவதற்கு முன் எவ்வளவு வாய் திறக்கிறது என்பதையே அளவாகக் கொண்டார். அதுதான் சி.டி.ஓ.டி. 1968-இல் ரைஸ் தந்த ஜே அளவும் இதே இடைவெளியை நிரப்பியது. பற்றவைப்புக்காரர்களின் தேவையிலிருந்தே சி.டி.ஓ.டி. பிறந்தது என்பது தற்செயலல்ல. இணைப்பை அதன் முழுத் தடிமனோடு சோதிக்கும் வழி அவர்களுக்குத்தான் முதலில் வேண்டியிருந்தது.

இந்த வகைச் சோதனையின் விடை எதற்குப் பயன்படுகிறது என்பதை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம். தாங்குதிறன் 100 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் உள்ள தகட்டில் 175 மெகாபாஸ்கல் தகைவு இருக்கிறது என்போம். தகட்டை ஊடுருவிய விரிசல் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம் வரை ஓடாமல் நிற்கும். அதே இடத்தில் பற்றவைத்ததால் தங்கிய உள்தகைவு இளகு வலிமையளவுக்கு, அதாவது 350 மெகாபாஸ்கலுக்கு, ஏறியிருந்தால் தாங்கும் நீளம் சுமார் 5 சென்டிமீட்டராகக் குறையும். அங்கே தாங்குதிறனும் பாதியாகிவிட்டால் மிஞ்சுவது 13 மில்லிமீட்டர். மீயொலிச் சோதனையில் 13 மில்லிமீட்டர் விரிசல் பிடிபடுமா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தேட வேண்டும் என்ற முடிவுகள் இந்தக் கணக்கிலிருந்துதான் வரும். '27 ஜூல்' என்று எழுதிய சான்றிதழை எத்தனை முறை படித்தாலும் அதிலிருந்து ஒரு விரிசல் நீளத்தை வருவிக்க முடியாது.

இரண்டு சோதனைகளும் எங்கெங்கே விலகுகின்றன என்று நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: சார்பியின் பிழைகள் ஒரே திசையில் இல்லை. வேகத்தில் அது நிஜத்தைவிடக் கொடுமையானது. பாலத்துச் சுமையோ கொதிகலன் அழுத்தமோ சம்மட்டி அடிபோல் வருவதில்லை. மென்மையான கட்டுமான உருக்கில் மெதுவான சுமையில் நொறுங்கும் எல்லை வெப்பநிலை, தாக்கச் சோதனை காட்டுவதைவிடப் பல பத்து டிகிரி கீழே இருக்கும். வெட்டிலும் தடிமனிலும் அது நிஜத்தைவிடத் தாராளமானது. 0.25 மில்லிமீட்டர் ஆரமுள்ள வெட்டு, நிஜ விரிசலோடு ஒப்பிட்டால் மொட்டை. 50 மில்லிமீட்டர் தகட்டின் நடுவில் உலோகம் எல்லாப் பக்கமும் இறுகிப் பிடிக்கப்பட்டு இளக வழியில்லாமல் நிற்கும். அதிலிருந்து 10 மில்லிமீட்டர் துண்டை வெட்டியெடுத்தவுடன் அந்தப் பிடி தளர்ந்துவிடும். உள்தகைவும் வெட்டும்போதே வெளியேறிவிடும். ஒரு பக்கத்துக் கடுமையும் மறு பக்கத்துத் தாராளமும் மெல்லிய தகட்டில் ஏறக்குறைய சமன்பட்டுவிடுகின்றன. சார்பி இவ்வளவு காலம் நம்மைக் காப்பாற்றி வந்ததன் ரகசியம் அதுதான். தடிமன் ஏற ஏறச் சமநிலை குலைகிறது, அது குலைந்ததைச் சார்பி எண் தானாகச் சொல்லாது.

பற்றவைப்பு இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. தகடு ஓரளவு ஒரே சீரான பொருள். இணைப்பு பல உலோகங்கள் ஒட்டிய அடுக்கு. வார்ப்பாக உறைந்த பற்று உலோகம், அதை ஒட்டி உருகாமலே மிகச் சூடேறிப் பருத்த மணிகளோடு நிற்கும் பட்டை, அதற்கப்பால் மெல்ல மெல்லப் பழைய தகடு. பெரும்பாலும் மிகப் பலவீனமானது அந்தப் பருமணிப் பட்டைதான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் அது, பற்று உலோகம் தகட்டைச் சந்திக்கும் பற்றுக்கோட்டைப் பின்பற்றி வளைந்து வளைந்து போகும். சார்பியின் வெட்டை அதன் மேல் சரியாக வைப்பதே பாடு. வெட்டு கால் மில்லிமீட்டர் தள்ளிப்போனால் உடைவது வேறு உலோகம். சரியாக விழுந்தாலும் உடைவு நல்ல பகுதிகள் வழியாகவும் ஓடி, சராசரியான ஓர் எண்ணைத் தரும். அதனால் தயாரிப்பாளர்கள் சோதனைக்கென்று ஒரு பக்கம் நேராகச் செதுக்கிய இணைப்பைச் செய்து, பற்றுக்கோட்டிலும் அதிலிருந்து 2, 5 மில்லிமீட்டர் தள்ளியும் வெட்டு வைக்கிறார்கள். சி.டி.ஓ.டி. சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே கடல் மேடைகளுக்கான விதிகள் ஒரு நேர்மையைச் சேர்த்திருக்கின்றன: உடைத்து முடித்தபின் துண்டைக் குறுக்கே வெட்டி, விரிசல் நுனி பருமணிப் பட்டையை உண்மையில் தொட்டதா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்; தொடவில்லை என்றால் அந்த விடை கணக்கில் சேராது. சார்பிச் சோதனையிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. செலவு ஒரு மெருகேற்றலும் ஓர் அமிலக் கழுவலும்தான்.

சார்பியின் பலமும் வரம்பும் அமெரிக்காவின் இரண்டு நிகழ்வுகளில் அடுத்தடுத்துத் தெரிந்தன. 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உருக்குச் சட்டகக் கட்டடங்களின் உத்தரம்–தூண் இணைப்புகள் விரிசல் விட்டன. நீண்டு வளைந்து ஆற்றலை விழுங்கும் என்று நம்பப்பட்ட இணைப்புகள் அவை. அவற்றில் பயன்பட்ட இ70டி-4 பற்றுக் கம்பிக்குத் தாக்கச் சோதனை விதியே இருக்கவில்லை. பிறகு சோதித்தபோது அறை வெப்பநிலையிலேயே 15 ஜூலையொட்டிய எண்கள் கிடைத்தன. ஒரு சாதாரண சார்பிச் சோதனை முன்பே கேட்கப்பட்டிருந்தால் அந்தக் கம்பி வாசலிலேயே நின்றிருக்கும். 2000 டிசம்பரில் மில்வாக்கியின் ஹோன் பாலத்தில் இரண்டு பெரும் உத்தரங்கள் மேலிருந்து கீழ் வரை பிளந்தன. அங்கே உருக்கு, விதி கேட்ட சார்பி அளவை எட்டியே இருந்தது. குறுக்குத் தகடும் நெடுந்தகடும் உத்தரமும் மிக நெருக்கமாகச் சந்தித்த இடத்தில் உலோகத்துக்கு இளக இடமில்லாமல் போனதே காரணம். நார்த்ரிட்ஜில் சார்பி கேட்கப்படாததால் தவறு நடந்தது. ஹோனில் சார்பிக்குக் கேள்வியே புரியாத இடத்தில் தவறு நடந்தது.

'ஏற்காட்டிலேயே உறைபனி கிடையாது, சமவெளியில் ஆண்டெல்லாம் வெயில். இந்தக் கவலை ரஷ்யாவுக்கும் நார்வேக்கும்தானே?' என்பது தமிழ்நாட்டில் உடனே எழும் மறுப்பு. இது முழுக்கத் தவறில்லை. நாம் சாதாரண உருக்கை வைத்துச் செய்யும் பெரும்பாலான மெல்லிய வேலைகளை வெயில்தான் காப்பாற்றுகிறது. ஆனால் நார்த்ரிட்ஜ் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் பனி நகரம் அல்ல. மெல்போர்னின் கிங்ஸ் பாலம் 1962 ஜூலையில் ஒரு கனரக வண்டியின் கீழ் உடைந்தபோதும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கவில்லை. நொறுங்கும் எல்லையைத் தீர்மானிப்பதில் தடிமன், இறுக்கம், சுமையின் வேகம், பற்றுப் பட்டையின் மணிப்பருமன் எல்லாமே காற்றின் குளிரோடு சேர்ந்து நிற்கின்றன. மற்றவை கெட்டால் எல்லை நம் அறை வெப்பநிலைக்கே ஏறிவரும். சேலம் மூன்றாம் நிலநடுக்க மண்டலமாகக் குறிக்கப்பட்ட ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. குளிரை நாமே உண்டாக்கும் இடங்களும் இருக்கின்றன. நாமக்கல் சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்குப் பேர்போனது. அந்த உருளைக்குள் இருக்கும் புரொபேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிப்பது. வால்வு சேதமாகி அழுத்தம் திடீரென்று இறங்கினால் மே மாத வெயிலிலும் சுவர் உருக்கு பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும், அதுவும் விபத்தின் அடி விழுந்த அதே நேரத்தில்.

கொதிகலன்களின் கதை இதைவிடத் தெளிவு. மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் ஓடும்போது எல்லாம் சூடு. அந்தச் சூட்டில் நொறுங்கும் அச்சம் இல்லை. ஆபத்து, ஓடத் தொடங்குவதற்கு முன் சாதாரணத் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1965-இல் ஜான் தாம்சன் நிறுவனத்தின் தடித்த அழுத்தக் கலனும், ஸ்காட்லாந்தில் 1966-இல் காக்கன்சி மின்நிலையத்தின் கொதிகலன் உருளையும் அப்படித்தான் தண்ணீர்ச் சோதனையிலேயே வெடித்தன. இன்று உயர் வெப்பக் குழாய்களில் புழங்கும் 9 சதவீதக் குரோமியம் உருக்கிலும் இதே இடம்தான் நெருடல். கைவெல்டிங்கில் போட்ட அதன் பற்று உலோகம், அறை வெப்பநிலையில் தகட்டைவிடக் குறைந்த தாங்குதிறன் உடையது. பற்றவைத்தபின் சூடேற்றிப் பதப்படுத்தும் வேலை கொஞ்சம் பிசகினாலும் இன்னும் குறையும். திருச்சி பெல் ஆலையும், அங்கே 1975-இல் தொடங்கிய பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனமும், கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையமும் இந்த வகை உருக்குகளின் பற்றவைப்பில் உழைத்திருக்கின்றன. நம் மாநிலத்தில் அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது பெரிய ஆலைகளின் வாசலைத் தாண்டுவதில்லை என்பதுதான் குறை. சேலம் உருக்காலை பெயர் பெற்றிருப்பது துருப்பிடிக்காத உருக்கில். அதன் முக்கிய வகைகளுக்கு அலுமினியத்தைப் போலவே நொறுங்கும் எல்லை கிடையாது. அதில் பழகிய கையும் கண்ணும் சாதாரண உருக்குக்கு மாறும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு படித்தவர்களிடமிருந்து வரும்: சார்பியிலிருந்து தாங்குதிறனைக் கணக்கிடச் சூத்திரம் இருக்கும்போது தனிச் சோதனை எதற்கு? கிம் வாலின் உருவாக்கிய 'முதன்மை வளைகோடு' முறையில், 27 ஜூல் கிடைக்கும் வெப்பநிலையிலிருந்து 18 டிகிரி கழித்தால் தாங்குதிறன் 100 மெகாபாஸ்கல் ரூட் மீட்டராக இருக்கும் வெப்பநிலை கிடைக்கும். பிரிட்டனின் பி.எஸ். 7910 விதியும் இதை ஏற்கிறது. இது உயர்ந்த வேலை. கண்டபடி சிதறும் எண்களுக்கு ஒரு புள்ளியியல் ஒழுங்கைத் தந்தது. ஆனால் சூத்திரத்தோடு 15 டிகிரி நியமப் பிழையும் சேர்ந்தே வருகிறது. மேலும் 27 ஜூல் வெப்பநிலை தெரிய வேண்டுமானால் பல வெப்பநிலைகளில் உடைத்து முழு வளைகோடு வரைய வேண்டும். பட்டறைச் சான்றிதழில் இருப்பதோ ஒரே வெப்பநிலையில் மூன்று துண்டுகள். அந்த மூன்றும் தேறின என்றால் எல்லை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். கீழ்வரம்பாக எடுத்துக்கொண்டால் அது போதும், துல்லியமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம். பருமணிப் பட்டை போன்ற சீரற்ற இடத்தில் சூத்திரத்தை நம்பும் முன், மூன்று துண்டில் ஒன்று மட்டும் ஏன் 19 ஜூலாக இறங்கியது என்று கேட்க வேண்டும். விதி அதைச் சராசரிக்குள் மன்னிக்கலாம்; விரிசல் தேடிப் போவது அந்தத் துண்டு வந்த இடத்தைத்தான்.

மூன்றாவது மறுப்பு பணம். சி.டி.ஓ.டி.-க்கு முழுத் தடிமன் துண்டு, ஆயிரக்கணக்கான சுழற்சிகளில் விரிசல் வளர்க்கும் எந்திரம், நாள்கணக்கில் நேரம் எல்லாம் வேண்டும். அதுவும் குறையற்றது அல்ல. உள்தகைவு காரணமாக விரிசல் முனை கோணலாக வளரும், அதைச் சமன்படுத்தத் துண்டை முன்கூட்டியே அழுத்த வேண்டியிருக்கிறது, முடிவுகளும் சிதறும். எல்லா இணைப்புக்கும் இதைக் கேட்பது அறியாமை. சங்ககிரியில் லாரிச் சட்டகம் பற்றவைப்பவருக்கும், திருச்செங்கோட்டில் ஆழ்துளை ரிக் பழுதுபார்ப்பவருக்கும் தேவைப்படுவது சரியான வெல்டிங் ராடு. நம் பட்டறைகளில் அன்றாடம் புழங்கும் 6013 ராடுக்குத் தாக்கச் சோதனை அளவே விதிக்கப்படவில்லை. 7018 ராடு மைனஸ் 29 டிகிரியில் 27 ஜூல் தந்தாக வேண்டும். இந்த ஒரு மாற்றம் நூறு சி.டி.ஓ.டி. சோதனைகளைவிட அதிக உயிர்களைக் காக்கும். சி.டி.ஓ.டி. கேட்பதற்கான கோடு வேறு இடத்தில் விழ வேண்டும்: தகடு ஏறத்தாழ 40 மில்லிமீட்டரைத் தாண்டும்போது, உடைந்தால் மாற்று வழியில்லாத உறுப்பாக இருக்கும்போது, விரிசல் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு அதை விட்டுவைக்கலாமா என்று முடிவெடுக்கும்போது. கடைசி நிலையில் சார்பியை மட்டும் காட்டிக் கையெழுத்திடுவதை எந்த அலுவலகமும் அனுமதிக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் போல, முழுக்கப் பற்றவைத்த பாலங்கள் நம் கடற்கரைக்கு வந்துவிட்டன. அவை முதுமையடையும்போது எழப்போகும் கேள்விகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அன்றைக்கு வேண்டிய சோதனைத் துண்டுகளை, அதே தகட்டில் அதே வெல்டர் போட்ட இணைப்பிலிருந்து, கட்டும்போதே எடுத்துப் பத்திரப்படுத்துவது மலிவான காரியம்.

இரண்டு சோதனைகளுமே பார்க்காத ஒன்றும் உண்டு. மலைக்கு வந்தால் அது உறைக்கும். மழைக்காலத்து ஏற்காட்டில் மூடுபனி நாள்முழுக்க இறங்கியிருக்கும். 7018 ராடின் மேற்பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சும். மின்வில்லின் சூட்டில் ஈரம் ஹைட்ரஜனாகி உலோகத்துக்குள் போகும். கடினப்பட்ட பருமணிப் பட்டையில் மணிகளுக்கு நடுவே கூடி, பற்றவைத்து நெடுநேரம் கழித்து விரிசல் திறக்கும். கிங்ஸ் பாலத்தில் மேல்தகட்டு முனைகளின் குறுக்குப் பற்றின் கீழ் இருந்த விரிசல்கள் சிலவற்றுக்குள் வண்ணப்பூச்சே புகுந்திருந்தது. பாலம் கட்டும் முன்பே அவை அங்கே இருந்தன என்பதற்கு அது சாட்சி. ஆய்வகத்துக்குப் போன சார்பித் துண்டு காய்ந்த ராடில், கதகதப்பான பட்டறையில் செய்யப்பட்டது, சி.டி.ஓ.டி. துண்டும் அப்படித்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போய், மழைக்கு நடுவே ஒரு தாங்குசட்டத்தைப் பழுதுபார்க்கும் வெல்டரின் இணைப்பு அந்தத் துண்டோடு ஒத்திருக்க வேண்டுமானால், ராடு அடுப்பும் மேலே ஏற வேண்டும், தகட்டை முன்கூட்டிச் சூடேற்றும் பர்னரும் ஏற வேண்டும். வேலை முடிந்த அன்றே சோதித்துச் சான்று எழுதக் கூடாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி மலையேறி வந்து பார்க்க வேண்டும்.